சிலிப் றோட் முடிகிற இடத்தில் நிற்கலாமா?

சாரதிப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒக்டோபர் கடைசியில் இங்கே பிரிட்டனில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியதும் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களும் மாறிவிடும். கோடையில் பார்க்கிங் தண்டம், இன்சூரன்ஸ் என்று கேட்டவர்கள் இப்போது இருட்டு, மழை, மோட்டர்வே என்று கேட்கிறார்கள். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கெட்ட காலநிலையில் சிலிப் றோட்டால், அதாவது மோட்டர்வேயோடு வந்து சேருகிற இணைப்பு றோட்டால், மோட்டர்வேக்கு ஏறுவது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வணக்கம் அண்ணை. ஹரோவில் இருக்கிறேன். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம். பள்ளிக்கூடம், டியூஷன், கோவில் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குவது நான்தான். மோட்டர்வே என்றால் மட்டும் இவர். மூத்தவள் லெஸ்டரில் யூனிவேர்சிற்றியில் படிக்கிறாள். போன மாதம் இவருக்கு நைற் ஷிஃப்ற் என்பதால் நானே துணிந்து வெளிக்கிட்டேன். வற்ஃபோர்ட் பக்கம் எம்1 ஏறும்போது நல்ல மழை. வலப்பக்கம் லொறி லொறியாகப் போகிறது. ஒரு இடைவெளியும் தெரியவில்லை. சிலிப் றோட் முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். பின்னால் ஒரே ஹோர்ன். எப்படியோ ஏறி, முதல் சேர்விசஸில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். நான் எங்கே பிழை விட்டேன்? இனி மழையில் போகவே கூடாதா? (வாசகி, ஹரோ)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு 1996 நவம்பர் ஞாபகம் வந்தது. அப்போது நான் பயிற்சியாளர் இல்லை. தமிழ்க் கடைகளுக்குச் சாமான் போடுகிற வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதே எம்1, அதே வற்ஃபோர்ட் பக்கம், அதே மழை. எனக்கு முன்னால் ஒரு சின்னக் கார். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், இடைவெளி இருந்தது. முன்னால் போனவரும் ஏறியிருப்பார் என்று நினைத்து அழுத்தினேன். அவர் ஏறவில்லை, நின்றுவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. வானில் இருந்த ஊறுகாய்ப் போத்தல்கள் மட்டும் உடைந்தன. மார்கழி முடியும் வரை அந்த வானுக்குள் எலுமிச்சை ஊறுகாய் மணம். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு அந்தக் காரில் இருந்தவரின் நிலைதான் போன மாதம் உங்களுக்கு. உங்களுக்குப் பின்னால் வந்தவர் என் நிலையில் இருந்தார். அவர் ஹோர்னோடு விட்டது நல்ல காலம்.

பிழை எங்கே என்று கேட்டீர்கள். கடைசியில் நின்றது பிழையின் முடிவுதான். அது தொடங்கியது அதற்குப் பத்துப் பதினைந்து வினாடிகள் முன்னால். சிலிப் றோட்டை நாங்கள் ஊர்ச் சந்தி மாதிரி நினைக்கிறோம். மெல்லப் போய், முடிவில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு திரும்பலாம் என்று கால் தன்பாட்டில் பிரேக்குக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தில் நிற்காமல் உருளுகிற மினிபஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முதலில் பஸ்ஸோடு சேர்ந்து நாலு அடி ஓடவேண்டும். வேகம் ஒத்துவந்த பிறகுதான் கம்பியில் கை வைக்கவேண்டும். நின்ற நிலையில் கம்பியைப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். சிலிப் றோட் என்பது அந்த நாலு அடி.

ஹைவே கோட் என்கிற இந்த நாட்டு வீதி விதிப் புத்தகத்தின் 259ஆம் விதி இரண்டு விஷயம் சொல்கிறது. மோட்டர்வேயில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. ஏற வருகிறவர் தன் வேகத்தை இடப்பக்க லேனின் வேகத்துக்குப் பொருத்தி அதற்குள் சேரவேண்டும். பயந்தவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிற்கிறார்கள். துணிந்தவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் படித்துவிட்டுப் புகுந்துவிடுகிறார்கள். லொறிக்காரர் இரண்டாவது லேனுக்கு விலகி வழி விட்டால் அது அவருடைய நல்ல மனம். மழையில் அவருக்கு வலப்பக்கத்தில் யார் வருகிறார்கள் என்பது சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். விலகுவார் என்று எண்ணிக் கணக்குப் போடவேண்டாம்.

சரி, என்ன செய்வது? மழை நாளில் எல்லாவற்றையும் கொஞ்சம் முந்தியே செய்யவேண்டும். நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

பல இடங்களில் சிலிப் றோட் ஒரு ரவுண்டபவுட்டில் தொடங்கும். அந்த ரவுண்டபவுட் மோட்டர்வேக்கு மேலே பாலமாக நிற்கும். சுற்றி வரும்போதே, வழி விலகாமல், ஒரு கணம் கீழே பாருங்கள். இடப்பக்க லேன் ஓடுகிறதா ஊருகிறதா, லொறிகள் கோர்த்தபடி வருகின்றனவா இடைவிட்டு வருகின்றனவா, சில்லுகள் எவ்வளவு தண்ணீரை எற்றுகின்றன, எல்லாம் அங்கேயே தெரியும். கீழே இறங்கிய பிறகு முதல் தடவையாகப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும்.

சிலிப் றோட்டின் வளைவு ஈரமாக இருக்கும். ஸ்ரேறிங் நேரான பிறகுதான் காலை அழுத்தவேண்டும். நேரானதும் தயங்கவேண்டாம். மூன்றாவது கியரில் நன்றாக இழுத்து வேகம் எடுங்கள். அதற்கு முன்பே, எனக்கு ஊறுகாய் படிப்பித்த பாடம்: முன்னால் போகிற காருக்கு நிறைய இடம் விடுங்கள். அவர் ஏறினாரா நின்றாரா என்பது தெரிகிற அளவுக்கு இடம். சின்னச் சின்னதாகப் பல தடவை பாருங்கள்: முன்னால், கண்ணாடி, முன்னால், வலத் தோளுக்கு மேலே ஒரு கணம், மறுபடி முன்னால். வலப்பக்கத்தையே நீளமாகப் பார்த்துக்கொண்டு போகிறவர்தான் முன்னால் நிற்பவரில் இடிக்கிறார்.

சிக்னலையும் முந்தியே போட்டுவிடுங்கள். தண்ணீர்த் தூவானத்துக்குள் உங்கள் கார் ஒரு சாம்பல் நிழல். அந்த மஞ்சள் மினுக்கல்தான் லொறிக்காரருக்கு முதலில் தெரியும்.

அடுத்தது எந்த இடைவெளி என்பது. பெரிய லொறிகளின் வேகம் 56 மைலுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே இடப்பக்க லேன் பெரும்பாலும் ஐம்பதுக்கும் ஐம்பத்தாறுக்கும் இடையில்தான் ஓடும். இது உங்களுக்கு வாய்ப்பு. நீங்கள் வேக எல்லையான 70ஐத் தேட வேண்டியதில்லை, 55 வந்தால் போதும். மழையில் நான் எப்போதும் லொறிக்குப் பின்னால் ஏறச் சொல்வேன். முன்னால் ஏறினால், பாரம் ஏற்றிய லொறி ஈர றோட்டில் பிரேக் பிடிக்கவேண்டிய தூரத்தை நீங்கள் திருடுகிறீர்கள். பக்கத்தில் சமாந்தரமாக ஓடவே கூடாது. இங்கத்தைய லொறியில் சாரதி வலப்பக்கம் இருக்கிறார். இடப்பக்கத்தில் முன் சில்லுக்குப் பக்கமாக நீங்கள் வந்தால், அவர் கண்ணுக்கு நீங்கள் இல்லை. காலை ஒரு சொட்டு எடுங்கள், லொறி தாண்டிப் போகட்டும், அதன் வாலைப் பிடித்து ஏறுங்கள்.

ஏறிய கணத்தில் அந்த லொறி எற்றும் தண்ணீர் முன் கண்ணாடியில் வாளியால் ஊற்றினது போல அடிக்கும். பலர் இங்கேதான் பதறிப் பிரேக் பிடிக்கிறார்கள். வைப்பரைச் சிலிப் றோட்டிலேயே வேகமாக்கி விட்டால் அந்த அதிர்ச்சி பாதியாகும். பிறகு காலை மெல்ல எடுத்துப் பின்வாங்குங்கள். உலர்ந்த றோட்டில் இரண்டு வினாடி இடைவெளி என்றால், ஈரத்தில் குறைந்தது நாலு. 56 மைலில் கார் வினாடிக்கு 25 மீற்றர் ஓடுகிறது. நாலு வினாடி என்றால் 100 மீற்றர். வினாடி எண்ண ஆளுக்கொரு முறை உண்டு. என்னிடம் படித்த ஒரு அம்மா, லொறி ஒரு பாலத்தைக் கடந்ததும் "முருகா ஒன்று, முருகா இரண்டு" என்று தொடங்குவார். நாலு முருகனுக்கு முன் அவருடைய கார் அந்தப் பாலத்தைத் தொட்டால் இன்னும் பின்வாங்குவார். பரீட்சகருக்கு அது விளங்கியதோ தெரியாது, அம்மா பாஸ் பண்ணிவிட்டார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். அன்று கார்க் கண்ணாடிகளின் உட்பக்கம் ஆவி படிந்திருந்ததா? எங்கள் ஆட்கள் மழையில் பயணம் போனால் நனைந்த கோட்டோடு நாலைந்து பேர், மடியில் சூட்டோடு சோற்றுப் பார்சல். ஐந்து நிமிடத்தில் பக்கக் கண்ணாடிகள் வெள்ளையாகிவிடும். தோளுக்கு மேலே பார் பார் என்று நான் எவ்வளவு சொன்னாலும், அங்கே வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருந்தால் என்ன பிரயோசனம்? சூட்டோடு சேர்த்து ஏசியையும் போடுங்கள். குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கிறது. பின் கண்ணாடியைச் சூடாக்கும் பட்டனை அழுத்தினால் பல கார்களில் வெளிப்பக்கக் கண்ணாடிகளும் சூடாகி, அவற்றில் நிற்கிற மழைத்துளி காய்ந்துவிடும். இதெல்லாம் வீட்டு வாசலில் செய்யவேண்டிய வேலை.

ஹெட்லைற்றைக் கையால் போடுங்கள். 'ஓட்டோ'வில் விட்டால் பகல் மழையில் அது போடாமல் விடலாம். முன்னால் எரிகிற பகல் லைற்றைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைப்போம். பல கார்களில் அப்போது பின் லைற் அணைந்தே இருக்கும்.

இவ்வளவும் செய்தும் இடைவெளி வராமல் போகலாமா? போகலாம், அபூர்வமாக. அப்படித் தெரிந்தால் சிலிப் றோட்டின் பாதியிலேயே வேகத்தைக் குறைத்து, முன்னால் ஓடுவதற்கு நீளத்தை மிச்சம் வையுங்கள். நுனியில் போய் நின்றால் பூச்சியத்திலிருந்து 55க்கு ஓட இடமே இருக்காது. ஈரத்தில் அழுத்தினால் சில்லு சும்மா சுற்றும். சில இடங்களில் சிலிப் றோட் முடியாமல் தானே ஒரு புது லேனாகத் தொடரும் என்பதையும் கவனியுங்கள். அங்கே அவசரப்பட்டு வலப்பக்கம் போகத் தேவையே இல்லை. அந்த லேனிலேயே இருந்துகொள்ளலாம்.

மழையில் போகக் கூடாதா என்றால், போகலாம். ஆனால் அடுத்த தடவை லெஸ்டருக்குப் போகும் நாளாக அது இருக்கவேண்டாம். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தூறல் நாளாகப் பார்த்து ஏறுங்கள். அடுத்த எக்ஸிற்றில் இறங்குங்கள், சுற்றிவந்து மறுபடி ஏறுங்கள். ஐந்து தடவை. பக்கத்தில் அவர் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பயிற்சியாளரோடு போக விருப்பமென்றால் 'பாஸ் பிளஸ்' என்று ஆறு பகுதிப் பயிற்சி இருக்கிறது. கெட்ட காலநிலைக்கு ஒரு பகுதி, மோட்டர்வேக்கு ஒரு பகுதி. பழகுநர்களும் 2018 ஜூன் 4 முதல் இரட்டைப் பிரேக் உள்ள காரில், அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோடு மோட்டர்வேக்குப் போகலாம். உங்களுடைய மற்றப் பிள்ளைகள் பழகும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பி, நான் இந்த நாட்டில் 30 வருடமாக ஓட்டுகிறேன். ஒரு கீறல் இல்லை. வேகத்தோடு ஏறு, வேகத்தோடு ஏறு என்று நீர் எழுதுவது இளசுகளைக் கெடுக்கிற வேலை. மழையென்றால் நான் 40ல்தான் ஏறுவேன். மெல்லப் போனால் ஆபத்தில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். (ஓய்வுபெற்றவர், ஈஸ்ட்ஹாம்)

ஐயா, உங்கள் 30 வருடத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 56 மைலில் வருகிற லொறி வினாடிக்கு 25 மீற்றர் ஓடுகிறது. 40ல் போகிற நீங்கள் ஏறக்குறைய 18 மீற்றர். ஒவ்வொரு வினாடியும் லொறி உங்களுக்கு 7 மீற்றர் கிட்ட வருகிறது. அதற்கு 50 மீற்றர் முன்னால் நீங்கள் ஏறினால், அது உங்கள் பம்பரில் வந்து முட்ட ஏழு வினாடி. அந்த ஏழு வினாடிக்குள் 44 தொன் வரை எடையுள்ள ஒரு வாகனம் ஈர றோட்டில் பிரேக் பிடிக்கவேண்டும், அல்லது பார்வை தெரியாத தூவானத்துக்குள் இரண்டாவது லேனுக்குப் பாயவேண்டும். 30 வருடமாக உங்களுக்குக் கீறல் விழாததற்கு அந்த லொறிக்காரர்களுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டும், ஐயா.

நீங்கள் சொல்வதில் சரியும் இருக்கிறது. கொட்டுகிற மழையில் இடப்பக்க லேன் முழுவதும் 40க்கு இறங்கியிருந்தால் 40ல்தான் ஏறவேண்டும். மேலே பலகையில் சிவப்பு வட்டத்துக்குள் 40 என்று காட்டினால் அது சட்டம். பார்க்கவேண்டியது அந்த லேனின் வேகத்தை. 70இலேயே ஏறுங்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை. 70ல் போனால் உலர்ந்த றோட்டிலேயே நிற்க 96 மீற்றர் வேண்டும் என்றும், மழையில் அது இரட்டிப்பாகும் என்றும் ஹைவே கோட் சொல்கிறது.

இன்னொன்று. மெல்லப் போனாலும் தேய்ந்த ரயர் தேய்ந்ததுதான். சட்டம் கேட்பது குறைந்தது 1.6 மில்லிமீற்றர் ஆழமான தவாளிப்பு, அதாவது ரயரில் உள்ள வரிப்பள்ளம். ஒரு 20 பென்ஸ் குற்றியை ரயரின் தவாளிப்புக்குள் செருகிப் பாருங்கள். குற்றியின் வெளி விளிம்புப் பட்டி வெளியே தெரிந்தால் ரயர் கடைக்குப் போகிற நேரம். நான் மூன்று மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவேன். அது என் பயம். மோட்டர்வேயின் இடது ஓரத்தில் தண்ணீர் தேங்குவதுண்டு. நீங்கள் ஏறுகிற இடமும் அதுதான். ஸ்ரேறிங் திடீரென்று பஞ்சு மாதிரி இலேசானால் ரயர் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது என்று பொருள். பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்ரேறிங்கை ஒடிக்காதீர்கள். அக்சிலறேற்றரிலிருந்து காலை மெல்ல எடுத்தால் போதும்.

வணக்கம் அண்ணா. கோயம்புத்தூர்க்காரன். ஐடி வேலைக்காக ரெடிங் வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்திய லைசென்ஸில்தான் ஓட்டுகிறேன். போன வாரம் பெரிய மழையில் எம்4 ஏறும்போது எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். பக்கத்து சீட்டில் இருந்த ஆபீஸ் நண்பர் அணைக்கச் சொல்லிக் கத்தினார். அதே சமயம் ஒரு லாரி ஹெட்லைட்டை மினுக்கியது. "நான் வருகிறேன், ஒதுங்கு" என்கிறான் என்று நினைத்து நான் வேகத்தைக் குறைத்தேன். லாரியும் குறைத்தது. இருவரும் தடுமாறினோம். யார் மேல் தப்பு? (வாசகர், ரெடிங்)

தம்பி, நண்பர் கத்தியது சரி. நாலு லைற்றும் ஒன்றாக மினுக்கினால் நீங்கள் வலப்பக்கம் வரப்போகிறீர்கள் என்பதை லொறிக்காரர் எப்படித் தெரிந்துகொள்வார்? சிக்னல் அதற்குள் மறைந்துவிடுகிறது. நிற்கிற வண்டியா ஓடுகிற வண்டியா என்பதுகூடத் தூரத்தில் பிடிபடாது. ஓடும்போது ஹசார்ட் போடுவதற்கு மோட்டர்வேயில் ஒரு விலக்கு உண்டு: முன்னால் ஏதோ தடை, எல்லோரும் சடாரென்று நிற்கிறார்கள், பின்னால் வருகிறவரை எச்சரிக்கவேண்டும் என்றால் கொஞ்ச நேரம் போடலாம். மழை அதற்குள் வராது.

ஹெட்லைற் விஷயம் வேடிக்கையானது. ஹைவே கோட்டின்படி ஹெட்லைற்றை மினுக்கினால் "நான் இங்கே இருக்கிறேன்" என்பது மட்டும்தான் பொருள். ஆனால் இங்கத்தைய லொறிக்காரர்கள் "வா, இடம் விட்டிருக்கிறேன்" என்பதற்காகவே பெரும்பாலும் மினுக்குகிறார்கள். உங்கள் ஊரில் அதற்கு நேர் எதிர்ப் பொருள். அவர் உங்களுக்கு வழி விட்டார், நீங்கள் அவருக்கு வழி விட்டீர்கள், றோட்டு நடுவில் மரியாதைப் போட்டி. எங்கள் கலியாண வீட்டுப் பந்தியில் "நீங்கள் இருங்கோ, நீங்கள் இருங்கோ" என்று நிற்பது மாதிரி. மினுக்கலை நம்பி ஏறவும் வேண்டாம், பயந்து நிற்கவும் வேண்டாம். இடைவெளி உண்மையாகவே இருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள்.

பிறகு, லைசென்ஸ். இந்திய லைசென்ஸில் இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். ஐந்து போய்விட்டது. இப்போதே புரொவிஷனல் என்கிற இங்கத்தைய பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இலங்கை லைசென்ஸ்காரர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பிரட்ஃபோர்டில் இருக்கிறோம். மன்செஸ்ரருக்கு எம்62 வழியாகக் கிழமைக்கு மூன்று நாள் வேலைக்குப் போகிறேன். ஸ்னோ கொட்டிய நாளில் ஏறுவது பற்றி எழுதுங்கள். (வாசகர், பிரட்ஃபோர்ட்)

நீங்கள் ஓட்டுவது இங்கிலாந்தின் மிக உயரமான மோட்டர்வே. 22ஆவது சந்திக்குப் பக்கத்தில் 372 மீற்றர் உயரம் போகிறது. கீழே மழையாக இருப்பது மேலே ஸ்னோவாக இருக்கும். லண்டன்காரனான நான் உங்களுக்குப் படிப்பிப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஸ்னோவில் ஒரு விஷயம் தலைகீழ். மோட்டர்வேயில் உப்புப் போட்டு, லொறிச் சில்லுகள் அரைத்து, தடம் கறுப்பாகத் தெரியும். சிலிப் றோட்டில் அவ்வளவு வாகனம் ஓடியிருக்காது. மெயின் றோட்டைப் பார்த்துத் தைரியம் வந்து சிலிப் றோட்டில் அழுத்தினால் கார் வழுக்கும். பாலத்துக்கு மேலே வருகிற சிலிப் றோட் இன்னும் மோசம். அதற்குக் கீழேயும் காற்றுப் போவதால் அது முதலில் உறைந்துவிடும். கியரைக் கூட்டி வைத்து, முட்டையை மிதிக்கிற மாதிரிக் காலை வையுங்கள். சிலிப் றோட்டுக்கும் முதல் லேனுக்கும் நடுவில் கரைந்த ஸ்னோ வரப்பு மாதிரிக் குவிந்திருக்கும். அதை நேராக வெட்டாமல், நீட்டிச் சரிவாகக் கடக்கவேண்டும். கடக்கும்போது பிரேக்கும் இல்லை, புதிதாக அழுத்தலும் இல்லை. ஐஸ் என்றால் இடைவெளி பத்து மடங்கு வரை வேண்டும் என்கிறது ஹைவே கோட். அதாவது இருபது வினாடி. அந்த இடைவெளி கிடைக்காத நாளில் வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளியிடம் கேட்பதுதான் என் ஆலோசனை.

புகாருக்குள் (மூடுபனிக்குள்) ஏறும்போது சிலிப் றோட் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. ஏதாவது அடையாளம் உண்டா? (வாசகி, மில்ற்ரன் கீன்ஸ்)

உண்டு, றோட்டில் பதித்திருக்கிற, உங்கள் ஹெட்லைற் பட்டு மின்னுகிற அந்தச் சின்னக் கண்கள். லேன்களுக்கு நடுவில் வெள்ளை, றோட்டின் இடது ஓரத்தில் சிவப்பு, நடுத் தடுப்புப் பக்கம் மஞ்சள். சிலிப் றோட் வந்து சேருகிற இடத்திலும் பிரிகிற இடத்திலும் மெயின் றோட்டின் ஓரத்தில் பச்சை. உங்கள் வலப்பக்கம் பச்சை ஓடுகிற வரைக்கும் நீங்கள் சேருகிற பகுதியில் இருக்கிறீர்கள். தடித்த முழு வெள்ளைக் கோட்டை வெட்டி ஏறக் கூடாது. கோடு விட்டு விட்டு வரத் தொடங்கிய பிறகுதான்.

100 மீற்றருக்கு அப்பால் தெரியாவிட்டால் ஹெட்லைற் கட்டாயம். பின் ஃபொக் லைற்றும் போடலாம். தெளிந்ததும் அணைக்கவேண்டும். எங்கள் ஆட்களில் பலர் அதைப் போட்டால் பங்குனி வரை அணைப்பதில்லை. பின்னால் வருகிறவரின் கண்ணும் கூசும், உங்கள் பிரேக் லைற்றும் அதற்குள் தெரியாது.

இந்த நாட்டு மோட்டர்வேகள் 1958இல் தொடங்கியபோது வேக எல்லையே கிடையாது. 1965இல் புகாருக்குள் தொடர்ச்சியாக நடந்த விபத்துகளுக்குப் பிறகு, அந்த வருட டிசம்பரில்தான் 70 வந்தது. முதலில் தற்காலிகம் என்றார்கள். 1967இல் அந்தத் தற்காலிகத்தையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

புகார் மிகவும் அடர்த்தியாக, முதல் லேனில் வருகிறவரை உங்களுக்கோ உங்களை அவருக்கோ தெரியாது என்றால் ஏறவேண்டாம். ரவுண்டபவுட்டிலேயே முடிவெடுத்து ஏ றோட்டால், அதாவது மோட்டர்வே அல்லாத பெரிய றோட்டால், போங்கள். சிலிப் றோட்டில் இறங்கிய பிறகு மனதை மாற்ற முடியாது.

(ஏ றோட் என்றதும் ஒரு ஞாபகம். கொக்குவிலில் என் அப்பா ஓட்டியது ஏ-40, ஒஸ்ரின் கார். நான் லண்டனுக்கு வந்த புதிதில் ஒருவர் "ஏ40ல் நேரே போ" என்றார். இன்னும் அந்தக் கார் ஓடுகிறதா என்று வாயைப் பிளந்தேன். இங்கே அது றோட்டு.)

புது எலெக்ட்ரிக் கார். ஈரத்தில் ஏறும்போது பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளியது. காரில் பழுதா? (வாசகர், குரோய்டன்)

பெரும்பாலும் காலில்தான். எலெக்ட்ரிக் மோட்டருக்கு முழு இழுவையும் தொட்ட உடனே வரும். பெற்றோல் கார்ப் பழக்கத்தில் அழுத்தினால் ஈரத்தில் சில்லு பிடி விடும். காலைச் சடக்கென்று எடுத்தாலும் மோட்டர் தானே பிரேக் பிடிக்கும். இரண்டையும் மெல்லச் செய்யுங்கள். குறூஸ் கொன்ட்ரோலை மழையில் போடவேண்டாம். மெல்ல ஏறியும் துள்ளினால் ரயரைக் காட்டுங்கள்.

வேல்ஸில் இருக்கிற ஸ்கந்தவேல் முருகன் கோவிலுக்கு ஒன்பது பேர் வானில் போகிறோம். கூரையில் பெட்டிகளும் கட்டுவோம். அந்தக் கிழமை பலத்த காற்று என்று சொல்கிறார்கள். ஏறும்போது எதைக் கவனிக்கவேண்டும்? (வாசகர், சவுத்ஹோல்)

முதலில் கூரைப் பெட்டிகளை இறக்குங்கள். சோற்றுச் சட்டியையும் பாயையும் காலடியில் வைக்கலாம். உயரமான வானுக்குக் கூரையில் பெட்டி கட்டுவது காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுப்பது மாதிரி.

சிலிப் றோட் பள்ளத்திலோ மரங்களுக்கு நடுவிலோ இருந்தால் அங்கே காற்றுத் தெரியாது. மோட்டர்வே மட்டத்துக்கு வந்ததும் பக்கத்திலிருந்து ஒரு தள்ளு வரும். நீங்கள் தோளுக்கு மேலே பார்க்கிற அதே கணம் அது. ஆகவே ஏறும்போது இரண்டு கையும் ஸ்ரேறிங்கில் இருக்கவேண்டும். ரேடியோ, போத்தல், அப்பம் ஒன்றும் கையில் வேண்டாம். லொறிக்குப் பக்கத்தில் போகும்போது காற்று நின்றுபோகும், லொறியைத் தாண்டிய அடுத்த கணம் திரும்ப அடிக்கும். இதை எதிர்பார்த்திருந்தால் வான் தள்ளாடாது.

செவேர்ன் ஆற்றைக் கடக்க இரண்டு பாலம் உண்டு. 1966இல் திறந்த பழைய பாலம் எம்48இல் இருக்கிறது. காற்றுக் கூடினால் அதை மூடிவிடுவார்கள். எம்4 போகிற புதுப் பாலத்தில் காற்றுத் தடுப்பு இருக்கிறது, அதனாலேயே போங்கள். சற்நாவ் பழைய பாலத்தைக் காட்டினாலும் கேட்கவேண்டாம். பாலம் தாண்டியதும் எம்48 வந்து எம்4உடன் சேரும். அங்கே முன்னுரிமை உங்களுக்கு, ஏறுகிறவர் மற்றவர். காற்றில் தடுமாறி ஏறுகிற ஒருவரைக் கண்டால், பக்கத்து லேன் காலியாக இருந்தால் மட்டும், கொஞ்சம் விலகிக் கொடுங்கள். அவர் வானிலும் ஒன்பது பேர் இருக்கலாம்.